தீவில் ஒரு டிரஸ்ட் போட்டால் வீடு தப்புமா?

ஐம்பதைக் கடந்த வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், நாடு, தொகை எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவரும் நண்பர் ஒருவரும் சேர்ந்து பதினெட்டு ஆண்டுகளாகக் கட்டுமான நிறுவனம் நடத்துகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் கட்டிக்கொடுத்த ஒரு வணிகக் கட்டடத்தின் தூண்களில் விரிசல் கண்டிருக்கிறது. இரண்டு மாதங்களுக்கு முன் கட்டட உரிமையாளரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. நிறுவனத்தோடு சேர்த்துப் பங்குதாரர் இருவரிடமும் தனிப்பட்ட முறையில் நஷ்டஈடு கேட்டிருக்கிறார்கள். "வீடு, சேமிப்பு எல்லாவற்றையும் விற்றாலும் அந்தத் தொகைக்குப் பாதிகூட வராது. இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை" என்கிறார்.

இந்த நேரத்தில் தெரிந்தவர் மூலமாக 'சொத்துப் பாதுகாப்பு ஆலோசகர்' ஒருவர் அறிமுகமாகியிருக்கிறார். பசிபிக் கடலில் உள்ள குக் தீவுகளில் ஒரு டிரஸ்ட் (சொத்தை வேறொருவர் பொறுப்பில் ஒப்படைக்கும் ஏற்பாடு) ஏற்படுத்தி வீடு, சேமிப்பு, நிறுவனப் பங்குகள் எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டால் உலகத்தில் எந்தக் கோர்ட்டும் தொட முடியாது என்று அவர் சொல்லியிருக்கிறார். டிரஸ்டை மேற்பார்க்கும் 'புரொடெக்டர்' பொறுப்பில் வாசகரே இருக்கலாம், வேண்டும்போது பணம் எடுக்கலாம், யாருக்கும் தெரியாது, வரியும் கிடையாது. நோட்டீஸ் வந்துவிட்டதே என்று கேட்டதற்கு, பத்திரத்தில் அதற்கு முந்தைய தேதியைப் போட்டுக்கொள்ளலாம் என்று பதில் வந்திருக்கிறது. வாசகர் முன்பணம் கட்டிவிட்டார். கையெழுத்துதான் பாக்கி. வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்கிறது. மனைவிக்கு நோட்டீஸ் வந்ததே தெரியாது. நிறுவனத்தின் வங்கிக் கடனுக்கு இவர் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்திருக்கிறார். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: "தொழில் பொறுப்புக் காப்பீடு இருக்கிறது, சொன்னால் பிரீமியம் ஏறிவிடும் என்பதால் இன்னும் தெரிவிக்கவில்லை."

"இதில் சட்டச் சிக்கல் ஏதாவது உண்டா, இல்லை தாமதிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடலாமா?" என்பது அவர் கேள்வி.

அன்புள்ள ஐயா,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போடாதீர்கள். இந்த மாதம் வேண்டாம், இந்த விவகாரம் முடியும்வரை வேண்டாம். காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன். 'வக்கீல்கள் எப்போதும் பயமுறுத்தத்தான் செய்வார்கள்' என்று நீங்கள் எடுத்துக்கொண்டால், அந்த ஆலோசகர் அடுத்த முறை போன் செய்யும்போது மனம் மாறிவிடும். அது நடக்கக்கூடாது என்று விரும்புகிறேன்.

வீடு போய்விடுமோ என்று பயப்படுகிற ஒருவரைக் குற்றவாளியாகப் பார்ப்பது என் வழக்கமில்லை. அயல்நாட்டு டிரஸ்ட் என்பதும் தன்னளவில் சட்டவிரோதமானது அல்ல. பிள்ளைகள் வெவ்வேறு நாடுகளில் குடியேறிவிட்ட குடும்பங்கள், பல நாடுகளில் முதலீடு வைத்திருப்பவர்கள் நியாயமான காரணங்களுக்காக அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆலோசகர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. குக் தீவுகள் 1984இல் சர்வதேச டிரஸ்ட் சட்டம் கொண்டுவந்து, 1989இல் அதைக் கடன்காரர்களுக்கு (பணம் வர வேண்டியவர்களுக்கு) எதிரான கோட்டையாகவே திருத்தியது. வேறு நாட்டுக் கோர்ட் கொடுத்த தீர்ப்பை வைத்து அங்கே டிரஸ்டைத் தொட முடியாது. உங்கள்மீது வழக்குப் போடுபவர் அங்கே போய்ப் புதிதாக வழக்குத் தொடர வேண்டும், கிரிமினல் வழக்கில் கேட்பதுபோலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். கரீபியனில் உள்ள நெவிஸ் தீவும் 1994இல் இதே போன்ற சட்டத்தை இயற்றியது. எதிராளியைக் களைப்படையச் செய்யும் வலிமை இந்தச் சட்டங்களுக்கு உண்டு. அதை மறுக்க மாட்டேன்.

அவர் சொல்லாமல் விட்ட மறுபாதிதான் உங்களைச் சிறையில் வைக்கக்கூடியது.

நோட்டீஸ் வந்த தேதி

கடன்காரருக்குக் கிடைக்கக்கூடாது என்று சொத்தை வேறொருவர் பெயருக்கு மாற்றினால் அந்த மாற்றம் செல்லாது என்பது இன்று நேற்று வந்த சட்டமல்ல. இங்கிலாந்தில் 1571இலேயே இதற்குச் சட்டம் இருந்தது. அதன்கீழ் 1600களின் தொடக்கத்தில் நடந்த டுவைன் வழக்கை இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். பியர்ஸ் என்பவர் டுவைனுக்கு 400 பவுண்டும் இன்னொருவருக்கு 200 பவுண்டும் கடன்பட்டிருந்தார். அந்த இன்னொருவர் வழக்குப் போட்டதும், பியர்ஸ் தன் உடைமை முழுவதையும் ரகசியமாக டுவைன் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்த பிறகும் ஆடுகள் அவரிடமேதான் இருந்தன. அவரே ரோமம் கத்தரித்தார், தன் அடையாளக் குறியையே ஆடுகளுக்குப் போட்டார். கோர்ட்டுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. எல்லாவற்றையும் மாற்றியது, ரகசியமாக மாற்றியது, வழக்கு நடக்கும்போது மாற்றியது, மாற்றிய பிறகும் தானே அனுபவித்தது: இவையெல்லாம் மோசடியின் அடையாளங்கள் என்று அந்தத் தீர்ப்பு வரிசைப்படுத்தியது.

உங்கள் திட்டத்தை அந்த வரிசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீடு, சேமிப்பு, பங்கு என எல்லாமே போகின்றன. மனைவிக்குக்கூடத் தெரியாது. நோட்டீஸ் கையில் இருக்கிறது. மாற்றிய பிறகும் அதே வீட்டில்தான் குடியிருப்பீர்கள். நானூறு ஆண்டுகளுக்கு முன் ஆட்டின் மேல் போட்ட குறி, இன்றைக்கு உங்கள் வீட்டு வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை.

வழக்கு இன்னும் பதிவாகவில்லையே, வெறும் நோட்டீஸ்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இது பலருக்கும் உள்ள தவறான நம்பிக்கை. வழக்கு எண் விழுந்த நாளைப் பல சட்டங்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. கோரிக்கை வரும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா என்பதே கேள்வி. இங்கிலாந்தின் 1986ஆம் ஆண்டு திவால் சட்டம், கடன்காரரிடமிருந்து தப்பும் நோக்கில் நடந்த மாற்றத்தை ரத்துசெய்யக் கோர்ட்டுக்கு அதிகாரம் தருகிறது. வருங்காலத்தில் கோரிக்கை எழுப்பக்கூடியவர்களையும் அது காப்பாற்றுகிறது. அமெரிக்காவில் தனக்குத் தானே ஏற்படுத்திக்கொண்ட டிரஸ்டுக்கு மோசடி நோக்கத்தோடு சொத்து மாற்றினால், திவால் மனுவிலிருந்து 10 ஆண்டுகள்வரை பின்னோக்கிப் போய்ப் பார்க்க 2005இல் வழிசெய்தார்கள். குக் தீவுகளின் சட்டமேகூட, கோரிக்கை எழுந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செய்த மாற்றத்தை முழுசாக விட்டுவிடவில்லை. எதிராளி ஓராண்டுக்குள் அங்கே வந்து, அவரை ஏமாற்றவே செய்தீர்கள், அதனால் உங்களிடம் கொடுக்க ஒன்றுமில்லாமல் போயிற்று என்று நிரூபித்தால் டிரஸ்ட் சொத்திலிருந்தே வசூலிக்கலாம். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். உங்கள் வாசற்படியில் தண்ணீர் நிற்கிறது.

முந்தைய தேதி போடும் யோசனையைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். அது ஆவணப் புரட்டு. சிவில் வழக்காக இருப்பதைக் கிரிமினல் வழக்காக மாற்றிவிடும். உங்கள் முன்பணம் எந்த நாளில் போனது என்று வங்கிக் கணக்கு சொல்லும், பத்திரத்தின் கோப்பு எந்த நாளில் உருவானது என்று கணினி சொல்லும். அதோடு, ஒழுங்கான டிரஸ்ட் நிறுவனம் எதுவும் சொத்தை ஏற்பதற்கு முன் உங்களிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் கேட்கும். 'என்மீது வழக்கோ கோரிக்கையோ நிலுவையில் இல்லை, வரும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை, இந்த மாற்றத்துக்குப் பிறகும் என் கடன்களைத் தீர்க்க என்னிடம் வசதி உண்டு' என்று சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும். உங்களால் அதில் உண்மையாகக் கையெழுத்துப் போட முடியாது. அந்தப் பத்திரத்தைக் கேட்காத டிரஸ்ட் நிறுவனம் என்றால், அதனிடம் வாழ்நாள் சேமிப்பை ஒப்படைக்கக் கூடாது.

பணம் தீவில், நீங்கள் இங்கே

உங்கள் ஆலோசகர் டிரஸ்ட் பத்திரத்தில் 'நெருக்கடிப் பிரிவு' ஒன்று இருக்கும் என்றாராம். கோர்ட் உங்களைக் கட்டாயப்படுத்தி 'பணத்தைத் திருப்பி அனுப்பு' என்று எழுத வைத்தால், டிரஸ்ட் சொத்தைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் டிரஸ்டி அதற்குக் கட்டுப்படமாட்டார். கேட்க மிகவும் பாதுகாப்பாகத் தோன்றும். அந்தப் பிரிவு வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஆண்டர்சன் வழக்கு இருக்கிறது.

ஆண்டர்சன் தம்பதி 1995இல் குக் தீவுகளில் டிரஸ்ட் ஏற்படுத்தியிருந்தார்கள். தொலைபேசி வழி முதலீட்டு மோசடி ஒன்றில் சம்பந்தப்பட்டதாக அரசின் வணிக ஆணையம் அவர்கள்மீது வழக்குத் தொடர்ந்தது. 1998இல் பணத்தைத் திருப்பிக் கொண்டுவரும்படி கோர்ட் உத்தரவிட்டது. அவர்கள் டிரஸ்டிக்கு ஃபேக்ஸ் அனுப்பினார்கள். டிரஸ்டி நெருக்கடிப் பிரிவைக் காட்டி, இணை டிரஸ்டிகளாக இருந்த தம்பதியைப் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டுப் பணம் தர மறுத்தார். பத்திரம் எழுதியபடியே எல்லாம் நடந்தது. "எங்களால் முடியவில்லை, நாங்கள் என்ன செய்வது?" என்றார்கள் தம்பதி. நீதிபதி ஏற்கவில்லை. புரொடெக்டர் பொறுப்பில் அவர்களே இருந்ததும், வரி கட்ட வேண்டியிருந்தபோது அதே டிரஸ்டிலிருந்து பத்து லட்சம் டாலருக்கும் மேல் எடுத்திருந்ததும் வெளியே வந்தன. கோர்ட் அவமதிப்புக்காக இருவரும் ஆறு மாத அளவுக்குச் சிறையில் இருந்தார்கள். 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த உத்தரவை உறுதிசெய்தது.

உங்களையும் புரொடெக்டர் ஆகச் சொல்கிறார் அல்லவா? அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொன்னேன்.

இன்னொரு வழக்கு தேதியில் உங்களுடையதைப் போலவே இருக்கிறது. லாரன்ஸ் என்ற பங்குச் சந்தை வர்த்தகர்மீது ஒரு தரகு நிறுவனம் நடுவர் மன்றத்தில் கோரிக்கை வைத்திருந்தது. இரண்டு கோடி டாலர் அளவுக்கு அவருக்கு எதிராக 1991 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னால் 70 லட்சம் டாலரை ஆங்கிலக் கால்வாயில் உள்ள ஜெர்சி தீவில் ஒரு டிரஸ்டில் போட்டு, உடனே அதை மொரீஷியஸுக்கு மாற்றியிருந்தார். பின்னர் அவர் திவால் மனு போட்டபோது, பணத்தை ஒப்படைக்கும்படி கோர்ட் சொன்னது. தன் கையில் இல்லை என்றார். 1999இல் சிறைக்குப் போனவர் வெளியே வந்தது 2006இல். தானே போட்டுக்கொண்ட பூட்டைக் காட்டித் திறக்க முடியவில்லை என்று சொன்னால் அதைச் சாக்காக ஏற்க முடியாது என்பதுதான் லாரன்ஸ் வழக்கில் கோர்ட் எடுத்த நிலை. ஆண்டர்சன் வழக்கில், உண்மையிலேயே முடியவில்லை என்பதையே கோர்ட் நம்பவில்லை. கோர்ட் அவமதிப்புக்கான தண்டனை நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் வழக்கு நடக்கும் ஊரில் குடும்பத்தோடு இருப்பவர்மேல் கோர்ட்டின் கை எட்டும் என்பது எங்கேயும் பொது.

பிடியை விடாத டிரஸ்ட்

"வேண்டும்போது நானே எடுத்துக்கொள்ளலாம்" என்பதுதான் உங்களை மிகவும் ஈர்த்திருக்கிறது என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. சட்டப்படி இந்த ஏற்பாட்டின் மிகப் பலவீனமான இடமும் அதுவே. டிரஸ்ட் என்றால் கொடுத்துவிடுவது. சொத்து டிரஸ்டியுடையது ஆகிவிட வேண்டும், அவர் பயனாளிகளின் நலனைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும், நீங்கள் கேட்டாலும் மறுக்கும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். கடன்காரருக்கு முன்னால் 'அது என்னுடையதல்ல' என்றும் ஏடிஎம் முன்னால் 'என்னுடையது' என்றும் சொல்வது கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை.

ரஷ்ய வங்கியாளர் புகச்சேவ் நியூசிலாந்தில் ஐந்து டிரஸ்டுகள் வைத்திருந்தார். முதல் புரொடெக்டர் அவரே. டிரஸ்டியை மாற்றும் அதிகாரமும் அவரிடமே. 2017இல் லண்டன் உயர் நீதிமன்றம் அதிகாரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, அவர் சொத்தை விட்டுக்கொடுக்கவே இல்லை என்று சொல்லி அதைக் கடன்காரர்களுக்குத் திறந்துவிட்டது. 2011இல், பழைய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகள் சிலவற்றுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில், கேமன் தீவுகளின் இரண்டு டிரஸ்டுகளைப் பற்றி முடிவெடுத்தது. டிரஸ்டை எப்போது வேண்டுமானாலும் ரத்துசெய்யும் அதிகாரத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டவருக்கு அந்த அதிகாரமே சொத்துபோலத்தான் என்று சொல்லி, அதை வசூல் அதிகாரிகளிடம் ஒப்படைக்க வைத்தது. 2020இல் ஒரு மணமுறிவு வழக்கு குக் தீவுகளிலிருந்தே அதே கவுன்சிலுக்குப் போனது. கணவர் தனக்கு வைத்துக்கொண்ட அதிகாரங்கள் அவ்வளவு பரந்தவை என்பதால், டிரஸ்டில் போட்டதாகச் சொன்ன சொத்து அவருடையதாகவே கணக்கிடப்பட்டது.

அதிகாரத்தை முழுசாக விட்டுக்கொடுத்தால் என்ன? அப்போது சட்டம் பலமாக நிற்கும், நீங்கள் பலவீனமாக நிற்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணி என்னிடம் வந்தார். கணவர் திடீரென இறந்துவிட்டார். மேஜை இழுப்பறையில் இருந்தது ஒரு தீவு நிறுவனத்தின் ஆண்டுக் கட்டண ரசீது மட்டும். அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்திருந்தார். கணவரின் இறப்புச் சான்றிதழையும் திருமணச் சான்றிதழையும் மொழிபெயர்த்து, அத்தாட்சி வாங்கி, முத்திரை வாங்கி அனுப்பி, தானும் ஒரு பயனாளிதான் என்று நிறுவுவதற்கே பதினொரு மாதம் ஆயிற்று. அதுவரை பிள்ளைகளின் கல்விக் கட்டணத்துக்கு உறவினர்களிடம் கடன் வாங்கினார். அந்த நிறுவனம் நேர்மையானதுதான். வேலியே பயிரை மேய்ந்திருந்தால், ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, தெரியாத சட்டத்தின்கீழ், அங்குள்ள வக்கீலுக்குக் கட்டணம் கொடுத்து வழக்கு நடத்த வேண்டியிருந்திருக்கும். கடன்காரரை விரட்டக் கட்டிய சுவர் குடும்பத்தையும் வெளியே நிறுத்தும்.

வீடும் பங்கும் எங்கும் போவதில்லை

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். வீடு தரையில் நிற்கிறது. தீவிலுள்ள டிரஸ்டின் பெயருக்குப் பதிவுசெய்தாலும் அது இருக்கும் ஊரின் கோர்ட்டுக்குத்தான் கட்டுப்படும். அந்தக் கோர்ட் நினைத்தால் பதிவை ரத்துசெய்யும், முடக்கும், விற்கவும் சொல்லும். உள்நாட்டில் பதிவான உங்கள் நிறுவனத்தின் பங்குகளுக்கும் அதே கதை. ஆக, உண்மையில் கடல் தாண்டிப் போகக்கூடியது வங்கியில் இருக்கும் ரொக்கமும் முதலீடுகளும் மட்டுமே. உங்கள் சொத்தில் அது சிறு பகுதி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிறு பகுதிக்காகப் பல்லாயிரம் டாலர் தொடக்கச் செலவும், ஆண்டுதோறும் டிரஸ்டி கட்டணமும், இரண்டு நாட்டுக் கணக்கர் கட்டணமும் கேட்கிறார்கள்.

வங்கிக்குக் கொடுத்த ஜாமீன் பத்திரத்தையும் எடுத்துப் படியுங்கள். ஜாமீன்தாரர் பெரிய சொத்துகளை வங்கிக்குத் தெரிவிக்காமல் கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனை அதில் இருக்க வாய்ப்பு அதிகம். அதை மீறினால் ஒழுங்காகத் தவணை கட்டிவரும் கடனையும் மொத்தமாகத் திருப்பிக் கேட்கலாம். ஒரு கடன்காரரிடமிருந்து தப்பிக்கப் போய் இரண்டாவது கடன்காரரை உருவாக்கிக்கொள்வீர்கள்.

யாருக்கும் தெரியாது, வரியும் இல்லை

இந்த இரண்டும் பழைய காலத்து விற்பனைப் பேச்சு. பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஓஇசிடி 2014இல் கொண்டுவந்த பொது அறிக்கைமுறையின்கீழ், 2017 முதல் நாடுகள் ஒன்றுக்கொன்று கணக்கு விவரங்களைத் தாமாகவே அனுப்பிக்கொள்கின்றன. இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன, குக் தீவுகளும் உட்பட. டிரஸ்ட் என்றால் அதை ஏற்படுத்தியவர், டிரஸ்டி, புரொடெக்டர், பயனாளிகள் என எல்லாருடைய பெயரும் போகும். நீங்கள் குறைந்தது இரண்டு இடத்தில் வருவீர்கள். அமெரிக்கா இதற்கு முன்பே 2010இல், அமெரிக்கர்களின் கணக்குகளை வெளிநாட்டு வங்கிகள் தெரிவிக்க வேண்டும் என்னும் ஃபாட்கா சட்டம் கொண்டுவந்துவிட்டது. இது தவிர, இத்தகைய டிரஸ்டுகளையும் நிறுவனங்களையும் பற்றிய ரகசிய ஆவணங்களின் கசிவுகள். 2016இல் வெளியான பனாமா ஆவணங்கள் 1.15 கோடி, 2021இன் பண்டோரா ஆவணங்கள் 1.19 கோடி. அவற்றில் இருந்தவர்களுக்கும் யாரோ ஒருவர் 'யாருக்கும் தெரியாது' என்றுதான் சொல்லியிருப்பார்.

வரியைப் பொறுத்தவரை, தீவில் வரி இல்லை என்பது சரி. நீங்கள் வரி கட்டுவது தீவில் அல்லவே. தன்னையும் பயனாளியாக வைத்து ஒருவர் ஏற்படுத்தும் டிரஸ்டின் வருமானத்தைப் பல நாடுகள் அவருடைய வருமானமாகவே கணக்கிடுகின்றன. அதோடு தெரிவிப்புப் படிவங்கள் இருக்கின்றன. அமெரிக்க வரிதாரர் ஒருவர் அயல்நாட்டு டிரஸ்டுக்குச் சொத்து மாற்றியதைத் தெரிவிக்கத் தவறினால், மாற்றிய மதிப்பில் 35 சதவீதம்வரை அபராதம் வரலாம். வரி பாக்கியே இல்லாவிட்டாலும் இந்த அபராதம் வரும். உங்கள் நாட்டில் விதி என்ன என்பதை அங்குள்ள வரி ஆலோசகரிடம் கேட்க வேண்டும். அந்த ஆலோசகர் டிரஸ்ட் விற்பவரின் நண்பராக இருக்கக் கூடாது.

கடைசிப் பக்கத்தில் இருந்த அந்த ஒரு வரி

கடிதத்தை இரண்டாம் முறை படிக்கும்போதுதான் அந்தக் காப்பீட்டு வரியைக் கவனித்தேன். உங்களை உண்மையில் காப்பாற்றக்கூடியது அதுதான், அதைத்தான் நீங்கள் கைநழுவ விட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

தொழில் பொறுப்புக் காப்பீடுகள் பெரும்பாலும் கட்டடத்தை எந்தக் காலத்தில் கட்டினீர்கள் என்று பார்ப்பதில்லை. பாலிசி நடப்பில் இருக்கும்போது கோரிக்கை வந்து, அப்போதே தெரிவித்தீர்களா என்றுதான் பார்க்கும். தாமதித்தால், அல்லது தெரிவிக்காமலே பாலிசியைப் புதுப்பித்தால், 'மறைத்துவிட்டீர்கள்' என்று சொல்லி நிறுவனம் கைவிரிக்க இடம் கிடைத்துவிடும். பிரீமியம் ஏறும் என்பது உண்மைதான். கோரப்பட்ட நஷ்டஈட்டோடு ஒப்பிட்டால் அந்த ஏற்றம் ஒன்றுமே இல்லை. பல பாலிசிகளில் வழக்கு நடத்தும் வக்கீல் செலவும் அடங்கும். அதனால் நோட்டீசின் நகலோடு நாளைக்கே எழுத்துமூலம் தெரிவியுங்கள். பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத் தாமதம் ஆகிவிட்டது என்று தயங்க வேண்டாம். மூன்றாவது மாதத்தைவிட இரண்டாவது மாதம் நல்லது. நோட்டீசுக்கு நீங்களாகப் பதில் எழுதி எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள், அது பாலிசியைப் பாதிக்கலாம்.

அப்புறம் இவற்றைப் பாருங்கள்:

தனிப்பட்ட பொறுப்பு உண்டா? ஒப்பந்தம் யார் பெயரில் போடப்பட்டது? வரையறுக்கப்பட்ட (லிமிடெட்) நிறுவனத்தின் பெயரில் என்றால், உங்கள் சொந்தச் சொத்தைத் தொட எதிராளி தனியாக ஒரு காரணம் காட்ட வேண்டும். பயமுறுத்திச் சமரசத்துக்கு இழுப்பதற்காகவே பங்குதாரர் பெயர்களையும் நோட்டீசில் சேர்ப்பது வழக்கம். பதினெட்டு ஆண்டுகளில் எங்காவது தனிப்பட்ட உத்தரவாதக் கடிதம் கொடுத்திருக்கிறீர்களா என்று மட்டும் கோப்புகளில் தேடுங்கள். உங்கள் தொழில் கூட்டு வியாபாரமாகப் பதிவாகியிருந்தால் நிலைமை வேறு, அப்போது தனிப் பொறுப்பு நேரடியாகவே வரும்.

விரிசல் யாருடைய தவறு? சுயேச்சையான கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை வக்கீல் மூலமாக அமர்த்துங்கள். வடிவமைத்தவர், மண் பரிசோதனை செய்தவர், கான்கிரீட் தந்தவர், பின்னால் மேலே ஒரு தளம் ஏற்றிய உரிமையாளர் என்று பொறுப்பு பல பக்கம் பிரியலாம். கான்கிரீட்டின் வலிமையைக் காட்டும் 28 நாள் கியூப் டெஸ்ட் அறிக்கைகள், தளத்தின் தினக்குறிப்பு, மாற்றங்களுக்கு உரிமையாளர் தந்த ஒப்புதல்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ஒன்றைக்கூட அழிக்காதீர்கள், ஆலோசகரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலையும் சேர்த்துத்தான். அது உங்களுக்குச் சங்கடம் தரும் என்று தெரியும். அழித்தால் அதைவிடப் பெரிய சங்கடம் வரும். அவர் வக்கீல் அல்ல என்பதால், அவரிடம் நீங்கள் பேசியதற்கு வக்கீல் கட்சிக்காரர் ரகசியப் பாதுகாப்பும் கிடையாது.

முன்பணம்? திட்டத்தைத் தொடரவில்லை என்று இரண்டு வரியில் எழுதித் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டாலும் அதற்காக மேலே ஒரு அடி வைக்காதீர்கள். கட்டிய பணத்தை நினைத்தே பலர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

சமரசம்? பொறியாளர் அறிக்கை உங்களுக்கு ஓரளவு பாதகமாக வந்தாலும், விரிசலைச் சரிசெய்து தருவது, தவணையில் கொடுப்பது, காப்பீட்டு நிறுவனத்தையும் சேர்த்துப் பேசுவது என்று வழிகள் இருக்கின்றன. நேர்மையாகச் சொத்துக் கணக்கைக் காட்டுபவரோடு சமரசம் பேச எதிராளியும் கோர்ட்டும் தயாராக இருப்பார்கள். ஒளித்தவர் என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால், அதன்பிறகு நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது. திவாலாகவே ஆனாலும் நேர்மையான திவால்காரருக்குக் கடன்களிலிருந்து விடுதலை கிடைக்கும். சொத்தை மறைத்தவருக்கு அந்த விடுதலையைப் பல நாட்டுச் சட்டங்கள் மறுக்கின்றன.

இதெல்லாம் முடிந்து, எந்தக் கோரிக்கையும் இல்லாத ஒரு காலத்தில் குடும்பத்துக்குப் பாதுகாப்பு ஏற்பாடு செய்ய விரும்பினால் தாராளமாகச் செய்யுங்கள். அப்போதும் தீவு கடைசி வழியாகவே இருக்கட்டும். போதுமான காப்பீட்டுத் தொகை, ஒவ்வொரு பெரிய வேலைக்கும் தனி நிறுவனம், ஜாமீன் கையெழுத்தைக் குறைப்பது, சட்டமே கடன்காரரிடமிருந்து விலக்கு அளித்திருக்கும் ஓய்வூதியச் சேமிப்புகள் ஆகியவை முதலில். டிரஸ்ட்தான் வேண்டும் என்றால் உபரியாக இருப்பதை மட்டும் கொடுங்கள். உங்கள் சொல்லுக்குக் கட்டுப்படாத டிரஸ்டியிடம், வரித்துறைக்குத் தெரிவித்து, இரண்டு நாட்டு வக்கீலையும் நீங்களே தேர்ந்தெடுத்துச் செய்யுங்கள்.

கடைசியாக உங்கள் மனைவியைப் பற்றி. வீட்டில் பாதி அவருடையது. டிரஸ்டுக்கு மாற்ற அவர் கையெழுத்து தேவை, ஆகவே 'வரி விஷயம், இங்கே ஒரு கையெழுத்துப் போடு' என்று கேட்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் செய்யாதீர்கள். இன்றைக்கு அந்தப் பாதி உங்கள் கடனில் சேராமல் இருக்கக்கூடும், நோட்டீஸ் அவர் பெயருக்கு வரவில்லை. தெரியாமல் கையெழுத்திட்டால் அவரும் மோசடி மாற்றத்தில் ஒரு தரப்பு ஆகிவிடுவார், அவருடைய பாதியும் வழக்குக்குள் வந்துவிடும். அவருடைய உரிமைக்கு அவர் தனியாக ஒரு வக்கீலைப் பார்ப்பதே நல்லது. இரண்டு மாதமாக நீங்கள் தூங்கவில்லை என்பதை அவர் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார். காப்பீட்டு நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்புவதற்கு முன், இன்று இரவே நோட்டீசை அவரிடம் காட்டுங்கள்.